தங்கச்சியின் முதுகுச் சத்திரசிகிச்சைக்குப் போகுமுன் எங்களுக்கு யாரும் சொல்லாதவை

கொழும்பில் இருப்பவர்களுக்கு ஒரு கடிதமோ பழைய எக்ஸ்ரேயோ மறந்துபோனால் ஓட்டோ பிடித்து வீட்டுக்குப் போய் எடுத்து வந்துவிடலாம். அம்பாறை மாவட்டத்துத் திருக்கோவிலில் இருந்து கொழும்பு வைத்தியசாலைக்குப் போகும் எங்களைப் போன்றவர்களுக்கு மறந்துபோன ஒவ்வொன்றும் அக்கரைப்பற்றில் இருந்து இன்னோர் இரவுப் பஸ், இன்னொரு நாள் லீவு, இன்னும் சில ஆயிரம் ரூபா. என் தங்கச்சிக்கு முள்ளந்தண்டு வளைவுக்குச் சத்திரசிகிச்சை செய்த காலம் முழுவதும் நான்தான் கூட இருந்தேன். அம்மா குவைத்தில் வீட்டு வேலை. அப்பாவுக்கு வயல். மூத்தவள் நான், பாலர் பாடசாலையில் படிப்பிக்கிறேன். யாரிடம் கேட்பது என்று தெரியாமல் தனியாக அலைந்த அந்த மாதங்களில் அறிந்துகொண்டவற்றை, இதே வழியில் போகவிருக்கும் அம்மாமாருக்கும் அக்காமாருக்கும் எழுதி வைக்கிறேன். அம்பாறை, மட்டக்களப்புப் பக்கத்தில் இருந்து போகிறவர்களுக்கு இது உதவும்.

வளைவை முதலில் கண்டவர் எங்களுக்குச் சட்டை தைக்கும் அக்கா. ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்குப் பாவாடை சட்டை தைக்க அளவெடுத்தவர், "பிள்ளையின் வலது தோள் உயர்ந்து நிற்கிறதே, இரண்டு பக்கமும் ஒரே அளவு வரவில்லை" என்றார். அப்போது தங்கச்சிக்குப் பதின்மூன்று வயது. வீட்டில் அவளைக் கால்களைச் சேர்த்து நிற்கவைத்து, கைகளைத் தொங்கவிட்டு முன்னால் குனியச் சொல்லிப் பின்னால் நின்று பார்த்தேன். வலது பக்க விலா எலும்புகள் மேடாகத் தூக்கி நின்றன. வைத்தியர்கள் செய்யும் முதல் சோதனையும் இதுதான் என்று பிறகுதான் தெரிந்தது. பத்து வயதைக் கடந்த பிள்ளைகளை ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது இப்படிக் குனியவைத்துப் பாருங்கள், முக்கியமாகப் பெண் பிள்ளைகளை. சிறிய வளைவு ஆண், பெண் இருபாலாருக்கும் வரும். சத்திரசிகிச்சை வரைக்கும் போகும் பெரிய வளைவு பெண் பிள்ளைகளிடம்தான் அதிகம்.

முதல் எக்ஸ்ரேயில் வளைவு 34 பாகை. எடுத்த இடத்தில் "வளர வளரச் சரியாகிவிடும்" என்று சொல்லி அனுப்பினார்கள். அந்த ஒரு வசனத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் வருகிறது. இந்த வளைவு வளரும்போது சரியாவதில்லை. பிள்ளை வேகமாக உயரும் காலத்தில்தான் அதுவும் வேகமாகக் கூடுகிறது. எலும்பு வளர்ந்துகொண்டிருக்கும்போது, ஏறக்குறைய 25 முதல் 40 பாகைக்குள் இருந்தால், உடம்போடு இறுக்கிக் கட்டும் பிளாஸ்டிக் கவசம் ஒன்றை நாளின் பெரும்பகுதி அணியவைத்து வளைவு கூடாமல் தடுக்க முயற்சி செய்யலாம். அந்தக் காலம் எங்களுக்குத் தெரியாமலே கடந்தது. அம்மம்மா ஊர்ப் பரிசாரியிடம் எண்ணெய் கட்டுவித்தார். எண்ணெய் தசை நோவைக் கொஞ்சம் ஆற்றும், எலும்பின் வளைவை நிமிர்த்தாது. புத்தகப் பை பாரம் என்றார்கள், கூனி இருந்து படித்தது என்றார்கள், சின்ன வயதில் விழுந்தது என்றார்கள். அம்மா குவைத்தில் இருந்து அழுதழுது, தான் பக்கத்தில் இல்லாததால்தான் பிள்ளைக்கு இப்படி வந்தது என்று தன்னையே நொந்துகொண்டார். காரணம் இவை எதுவும் அல்ல. இளவயதில் வரும் வளைவில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் என்னவென்று மருத்துவத்துக்கே தெரியாது. சில குடும்பங்களில் பரம்பரையாகத் தொடர்கிறது. இதைத் தெளிவாகச் சொல்ல ஒருவர் இருந்திருந்தால் அம்மா அத்தனை இரவுகள் அழுதிருக்க மாட்டார்.

மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையில் எலும்பு கிளினிக்குக்குக் கொண்டுபோனபோது வளைவு 50 பாகையைத் தாண்டியிருந்தது. அங்கிருந்து கொழும்புக்கு எழுதித் தந்தார்கள். கொழும்பில் சத்திரசிகிச்சை நிபுணர் எக்ஸ்ரேயில் கோடு போட்டு 56 என்று காட்டினார். 45, 50 பாகைக்கு மேல் போனால் வளர்ச்சி நின்ற பிறகும் வளைவு மெல்ல மெல்லக் கூடிக்கொண்டே போகும், மிகவும் கூடினால் நுரையீரலுக்கு இடம் குறையும் என்றார். வளைந்த பகுதியின் எலும்புகளில் திருகாணிகள் பூட்டி, இரண்டு பக்கமும் உலோகத் தண்டு வைத்து நிமிர்த்தி, அந்த எலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே எலும்பாக வளர எலும்புத் துகள்களை இடுவதுதான் சத்திரசிகிச்சை. தண்டு தாங்கிப் பிடிப்பதற்கு மட்டும்தான். நிரந்தரமாகப் பிடித்து வைத்திருப்பது ஒட்டி வளரும் எலும்பு.

திகதி வாங்கப் போனபோது தங்கச்சிக்குச் சாதாரண தரப் பரீட்சை நெருங்கியிருந்தது. பரீட்சை எழுதிவிட்டு வரலாமா என்று பயந்து பயந்துதான் கேட்டேன். "சில மாதங்களால் பெரிய வித்தியாசம் வராது, எழுதட்டும்" என்றார். கேட்காமல் இருந்திருந்தால் பரீட்சைக்கு முன்னால் திகதி விழுந்திருக்கும். பரீட்சை முடிந்து உயர்தர வகுப்புத் தொடங்கும் வரை இடைவெளி கிடைத்தால், அது இதற்கு மிகவும் நல்ல காலம். பாடசாலைக்குத் திரும்ப ஒரு மாதம் முதல் ஒன்றரை மாதம் வரை ஆகும், அதன் பிறகும் முதலில் அரை நாள்தான் தாங்கும். திகதியைத் தள்ளலாமா என்பது பிள்ளையின் வளைவு எவ்வளவு வேகமாகக் கூடுகிறது என்பதைப் பொறுத்தது, ஆகவே வைத்தியரிடம் வாய் திறந்து கேட்க வேண்டும்.

அரச வைத்தியசாலையில் சத்திரசிகிச்சைக்குக் கட்டணம் கிடையாது. அப்படியிருந்தும் எங்களுக்கு மூன்றரை இலட்சத்துக்கு மேல் போயிற்று. முதுகு முழுவதற்கும் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார்கள், நரம்பில் வேறு குறை ஏதும் ஒளிந்திருக்கிறதா என்று பார்ப்பதற்கு. வரிசையில் காத்திருந்தால் மாதங்கள் போகும் என்பதால் வெளியில் எடுத்தோம், ஐம்பதாயிரத்துக்கு மேல். வைத்தியசாலைக்குப் பக்கத்தில் ஒரு வீட்டில் அறை, நாளுக்கு மூவாயிரம். சாப்பாடு, பஸ், ஓட்டோ எல்லாம் சிறிது சிறிதாகத் தின்றன. தண்டும் திருகாணியும் கையிருப்பில் இருந்ததால் நாங்கள் தப்பினோம். அடுத்த கட்டில் பிள்ளையின் குடும்பத்துக்குச் சில பொருட்களை வெளியில் வாங்கித் தரச் சொல்லிவிட்டார்கள், அந்தத் தாய் காதில் கிடந்ததையும் கழற்றினார். திகதி தரும் அன்றே "நாங்கள் வெளியில் வாங்க வேண்டியது ஏதாவது வருமா?" என்று கேளுங்கள். வரும் என்றால் எழுத்தில் வாங்கிக்கொண்டு உடனேயே பிரதேச செயலகத்துக்குப் போங்கள். ஜனாதிபதி நிதியத்தின் மருத்துவ உதவிக்கு 2025 முதல் பிரதேச செயலகங்களிலேயே விண்ணப்பிக்கலாம். என்னென்ன கடிதம் வேண்டும் என்று சத்திரசிகிச்சைக்கு முன்பே கேட்டு, கிராம சேவகரின் கடிதம் உட்பட எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள்.

இரத்தத்துக்கு ஆள் பிடிக்க வேண்டுமோ என்று அப்பா ஊரில் இளைஞர்களிடம் சொல்லி வைத்திருந்தார். அது தேவைப்படவில்லை. இலங்கையின் இரத்த வங்கி முழுக்க முழுக்கத் தன்னார்வக் கொடையில் நடக்கிறது, உறவினர் மாற்று இரத்தம் கொடுக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. எங்களுக்குத் தடையாக வந்தது தங்கச்சியின் சொந்த இரத்தம். ஹீமோகுளோபின் பத்துக்கும் கீழே இருந்தது. இரும்புச்சத்துக் குளிசை கொடுத்தார்கள். அதை அவள் காலையில் தேநீரோடு விழுங்கி வந்தாள். ஒரு மருந்தாளர் பார்த்துவிட்டு, தேயிலை இரும்பை உடம்பில் சேரவிடாது, தேசிக்காய்த் தண்ணீரோடு கொடுங்கள், தேநீரை இரண்டு மணி நேரம் தள்ளிக் குடிக்கட்டும் என்று சொன்ன பிறகுதான் அளவு ஏறத் தொடங்கியது. மாதவிடாய் நோவுக்கு அவள் வழக்கமாக எடுக்கும் மெஃபனமிக் அமிலக் குளிசை இரத்தம் உறைவதைத் தாமதப்படுத்தும் வகையைச் சேர்ந்தது. அதைப் பற்றி யாரும் கேட்கவும் இல்லை, நாங்கள் சொல்ல நினைக்கவும் இல்லை. பிள்ளை எடுக்கும் எல்லாவற்றையும், கடைக் குளிசை, கசாயம், லேகியம் வரை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். பல்லையும் பார்த்துவிடுங்கள். சொத்தைப் பல்லில் இருக்கும் கிருமி இரத்தத்தில் கலந்து உலோகத்தில் போய்த் தங்கக்கூடும் என்பதால் அதை முதலில் அடைத்து வரச் சொல்வார்கள். முதுகில் கட்டி, சீழ்ப் பரு இருந்தாலும் திகதி தள்ளிப்போகும்.

எங்களுக்குத் திகதியைத் தள்ளியது ஒரு தடிமன். அனுமதிக்கப்போன காலையில் அவளுக்கு மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது, இருமலும் இருந்தது. மயக்க மருந்து வைத்தியர் நெஞ்சில் வைத்துக் கேட்டுவிட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார். இரவெல்லாம் பஸ்ஸில் குளிரில் வந்த பிள்ளைக்குத் தடிமன் பிடிக்காமல் என்ன செய்யும்? இரண்டாம் முறை இரண்டு நாள் முந்தியே போய் அறையில் தங்கவைத்தேன், ஊரில் கடைசி இரண்டு வாரம் கல்யாண வீடு, கோயில் கூட்டம் எதற்கும் விடவில்லை. அந்த முறை அவள் நன்றாக இருந்தாள், அதிதீவிர சிகிச்சைப் பிரிவில் கட்டில் இல்லை. விபத்தில் அடிபட்டவர்கள் வந்துவிட்டார்கள். ஒரு வாரத்துக்கு மேல் விடுதியில் காத்திருந்தோம். யாரையும் குறை சொல்ல முடியாத தாமதம் அது, ஆனாலும் அந்த வாரத்தில் கையில் இருந்த காசு கரைந்து, என் சங்கிலி அடகுக்குப் போயிற்று. திகதி தள்ளிப்போகும் என்றே கணக்குப் போட்டுக் காசு கொண்டுபோங்கள்.

இன்னொரு நாள் வீணானது கையெழுத்துக்காக. பதினெட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குப் பெற்றோர் சம்மதம் எழுத வேண்டும். நான் கூடப்பிறந்தவள் என்பதால் என் கையெழுத்து செல்லாது என்றார்கள். அப்பா அறுவடையை விட்டுவிட்டு ஓடி வந்தார். பெண்கள் விடுதியில் ஆண்கள் இரவில் தங்க முடியாது என்பதால் நானும் வேண்டும், கையெழுத்துக்கு அப்பாவும் வேண்டும். அம்மா அப்பா இருவரும் வெளிநாட்டில் இருந்தால் யார் பொறுப்பாளர், என்ன கடிதம் வேண்டும் என்று முதல் கிளினிக்கிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். சிங்களம் தெரியாதது இன்னொரு பயம். வலி, தண்ணீர், வாந்தி, மூச்சு, கால் மரத்துவிட்டது என்பவற்றுக்கான சிங்களச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதிக் கட்டிலோடு ஒட்டி வைத்தோம். தாதிமார் அதைப் பார்த்துச் சிரித்து, தாங்களும் அதில் இருந்து தமிழ்ச் சொல் பொறுக்கிப் பேசத் தொடங்கினார்கள்.

இனிச் சொல்லப்போவதுதான் எனக்கு மிக முக்கியம். இத்தனை பரிசோதனையிலும் இத்தனை கடிதத்திலும் ஒருவர்கூடத் தங்கச்சியிடம் நேராக ஒன்றும் சொல்லவில்லை. நிபுணர் மாணவ வைத்தியர்களுக்கு ஆங்கிலத்தில் விளக்கினார், எனக்குச் சுருக்கமாகச் சொன்னார், அவள் சட்டையை முதுகுவரை தூக்கிப் பிடித்தபடி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஊரில் உறவுக்காரர், "பிள்ளைக்கு ஒன்றும் சொல்லாதே, பயந்துவிடும்" என்றார்கள். சொல்லாவிட்டால் பிள்ளை பயப்படாது என்று எப்படி நினைக்கிறார்களோ தெரியவில்லை. ஓர் இரவு போர்வைக்குள் வெளிச்சம் தெரிந்தது. போர்வையை விலக்கிப் பார்த்தால், போனில் சத்திரசிகிச்சை வீடியோ, இரத்தமும் சுத்தியலுமாக. "அக்கா, என்னுடைய முள்ளந்தண்டை வெளியே எடுத்துத்தான் நிமிர்த்துவார்களா?" என்று கேட்டாள். எத்தனை நாள் அதை மனதில் வைத்துக்கொண்டு சோறு சாப்பிட்டாளோ.

அடுத்த நாள் ஒரு கொப்பி கொடுத்து, மனதில் இருப்பதையெல்லாம் எழுது, எதுவானாலும் எழுது, டொக்டரிடம் நான் கேட்கிறேன் என்றேன். எழுதித் தந்ததைப் பார்த்து நான் அறைக்குள் போய் அழுதேன். நடுவில் மயக்கம் தெளிந்துவிடுமா. தண்டு துருப்பிடிக்குமா. பிறகு எடுத்துவிடுவார்களா. தலைமுடியை வழித்துவிடுவார்களா. சைக்கிள் ஓடலாமா. கல்யாணம் செய்யலாமா, பிள்ளை பெறலாமா. கடைசியில், சிறிய எழுத்தில், "உடுப்பில்லாமல் இருப்பேனா, யார் யார் பார்ப்பார்கள்?"

கிளினிக்கில் தமிழ் தெரிந்த இளம் டொக்டர் ஒருவர் இருந்தார். அந்தக் கொப்பியைக் கொடுத்தோம். அவர் கதிரையை இழுத்து அவளுக்கு முன்னால் போட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் அவளைப் பார்த்தே பதில் சொன்னார். எலும்பு அதனதன் இடத்திலேயே இருக்கும். தண்டு துருப்பிடிக்காது, பிரச்சினை வந்தால் ஒழிய வாழ்நாள் முழுக்க உள்ளேயே இருக்கும். முடி வழிக்க மாட்டார்கள், இறுக்கிப் பின்னி மேலே கட்டிக்கொண்டு வா. சில மாதம் போன பிறகு சைக்கிள் ஓடலாம். கல்யாணம் செய்யலாம், பிள்ளையும் பெறலாம். உடுப்பு மயங்கிய பிறகுதான் மாற்றுவார்கள், முதுகைத் தவிர மற்றதெல்லாம் துணியால் மூடியிருக்கும், சிறுநீர்க் குழாயும் நீ நித்திரையில் இருக்கும்போதுதான் போடுவார்கள். அவள் எழுதாத கேள்வி ஒன்றையும் அவரே எடுத்தார். "கால் வழங்காமல் போய்விடுமோ என்று நினைக்கிறாயா?" அவள் தலையாட்டினாள். "மிக மிக அரிது. வரவே வராது என்று பொய் சொல்ல மாட்டேன். அதனால்தான் சத்திரசிகிச்சை நடக்கும்போதே நரம்பு வேலை செய்கிறதா என்று கருவியால் பார்த்துக்கொண்டே இருப்போம். எழும்பியவுடன் கால் விரலை அசைக்கச் சொல்வோம், உடனே அசைத்துக் காட்டு." அன்று இரவு பஸ்ஸில் அவள் என் தோளில் சாய்ந்து அம்பாறை வரும்வரை தூங்கினாள். பிள்ளைக்கு உண்மையைச் சொல்லுங்கள். நீங்கள் சொல்லாவிட்டால் போன் சொல்லும்.

வீட்டைத் தயார்செய்வதைப் பற்றி எந்தத் தாளிலும் இல்லை. எங்கள் ஊர் வீடுகளில் குந்தியிருக்கும் மலசலகூடம், கிணற்றடியில் குளிப்பு, நிலத்தில் பாய். இந்த மூன்றும் சத்திரசிகிச்சைக்குப் பிறகு மாதக்கணக்கில் ஆகாது. குனியக்கூடாது, திரும்பக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது. நடுவில் ஓட்டையுள்ள கொமோட் கதிரை ஒன்றை முதலிலேயே வாங்கி வையுங்கள். முழங்கால் உயரத்துக்குக் குறையாத கட்டில், குழி விழாத மெத்தை, குளிக்க உயரமான கதிரை, தண்ணீர் அள்ளித் தர ஒருவர். உடுப்பு எல்லாம் முன்பக்கம் பொத்தான் வைத்ததாக இருக்கட்டும், தலைவழியாகப் போட முடியாது. உடம்பை முறுக்காமல், தோளும் இடுப்பும் ஒன்றாகப் புரளும்படி பக்கவாட்டில் திரும்பி, காலைக் கீழே விட்டு, கையை ஊன்றி எழும்பும் முறையைப் பௌதிக சிகிச்சையாளர் காட்டித்தந்தார். அதை ஒரு மாதம் வீட்டில் பழக்கினோம். நோவோடு புதிதாகப் பழகுவது பெரும் பாடு, பழகியிருந்த தங்கச்சி முதல் நாளே தாதி சொன்னபடி திரும்பினாள். மூன்று பந்து உள்ள மூச்சுப் பயிற்சிக் கருவியிலும் முன்கூட்டியே மூச்சை உள்ளே இழுத்துப் பழக்குங்கள்.

போவதற்கு முன் நகப்பூச்சு, மருதாணி வேண்டாம். விரலில் மாட்டி ஒட்சிசன் பார்க்கும் கருவிக்கு நகம் சுத்தமாக இருக்க வேண்டும், நகத்தில் ஏறிய மருதாணியோ வளரும்வரை போகாது. மூக்குத்தியை வீட்டிலேயே கழற்றுங்கள். கோயிலில் கட்டிய நூலையும் வெட்டச் சொல்வார்கள். அதை அம்மம்மாவுக்கு முன்பே சொல்லி வைத்ததால் அவரே அவிழ்த்துச் சாமிப்படத்தடியில் வைத்தார். பதற்றத்தில் மாதவிடாய் முந்தி வரலாம், பையில் தேவையானதை வையுங்கள், தாதியிடம் கூச்சமில்லாமல் சொல்லுங்கள்.

காலையில் உள்ளே போனவள் பின்னேரம்தான் வெளியே வந்தாள். பார்த்த உடனே அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டார். கண் திறக்க முடியாதபடி முகம் வீங்கியிருந்தது, உதடும் வீங்கியிருந்தது. ஏதோ விபரீதம் என்றே நினைத்தோம். பல மணி நேரம் குப்புறக் கிடத்திச் செய்வதால் முகத்தில் நீர் தேங்கி வீங்குமாம், இரண்டு மூன்று நாளில் வடிந்தும் விட்டது. இதை ஒருவர் முன்கூட்டிச் சொல்லியிருந்தால் அப்பாவின் அந்த முகத்தை நான் பார்த்திருக்க வேண்டியதில்லை. கால் விரலை அசைத்தாளா என்று கேட்டேன். கேட்ட உடனேயே இரண்டு காலையும் ஆட்டினாளாம்.

முதல் மூன்று நாள் நோவு கடுமை. நோவு மருந்து மலச்சிக்கலைக் கொண்டுவரும், அது சில நேரம் முதுகை விடப் பெரிய வேதனை. மலமிளக்கியை முதலிலிருந்தே கேட்டு வாங்குங்கள், பப்பாசிப் பழமும் தண்ணீரும் கொடுங்கள். இரண்டாம் வாரம் அவள் காரணமில்லாமல் அழுதாள், ஏன் செய்தேன் என்று கேட்டாள். இதுவும் பல பிள்ளைகளுக்கு வருவதுதான், கடந்துபோகும். வீடு திரும்ப வான் பிடித்தபோது சாரதி கண்டி, மஹியங்கனை வழி கிட்ட என்றார். அந்த மலைப்பாதை வளைவுகளில் பிள்ளையை உருட்ட எனக்கு மனம் வரவில்லை. தம்புள்ளை, ஹபரணை, பொலன்னறுவை, மட்டக்களப்பு என்று சமதரை வழியாக வந்தோம். தூரம் கூட, வாடகை அறுபதாயிரத்தைத் தாண்டியது, மணிக்கு ஒருமுறை நிறுத்தி நடக்கவிட்டோம். அந்தக் காசு போனதில் எனக்கு ஒரு துளி வருத்தமும் இல்லை.

இப்போது அவள் உயர்தரம் படிக்கிறாள். உயரம் கூடியதில் பழைய வெள்ளைச் சட்டைகள் எல்லாம் கட்டையாகி, அதே தையல் அக்காவிடம் புதிதாகத் தைத்தோம். தழும்பைச் சுற்றித் தோல் இன்னும் மரத்திருக்கிறது. பாடசாலைக்கு ஒரு புத்தகத் தொகுதி, வீட்டுக்கு ஒரு தொகுதி என்று அதிபர் ஒழுங்குசெய்து கொடுத்தார், பையே தூக்குவதில்லை. கிளினிக்குக்கு வரச்சொல்லும்போதெல்லாம் எக்ஸ்ரே மட்டும் எடுக்கத்தானே என்று ஒருநாள் துணிந்து கேட்டேன், மட்டக்களப்பில் எடுத்து அனுப்பலாமா என்று. இடையிடையே வரும் திகதிகளுக்கு அப்படிச் செய்யலாம் என்று கிளினிக் கொப்பியில் எழுதித் தந்தார்கள். நீங்களும் கேளுங்கள். ஒவ்வொரு எக்ஸ்ரேயையும் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் போனில் படம் எடுத்து, திகதியோடு சேமித்து வையுங்கள்.